மீட்டரில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேர் கேட்பார், ஊர் கேட்பார், அடுத்த மூச்சில் "வண்டி எவ்வளவு தருது?" என்று கேட்பார். எதிராளியிடம் வண்டி இருக்கிறதா என்று விசாரிப்பதெல்லாம் கிடையாது. அவர் பதினாறு என்றால் இவர் பதினெட்டு என்பார். அவர் பதினெட்டு என்றால் இவர் கையில் அது இருபதாகிவிடும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் ஆண்கள் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பீற்றிக்கொள்வதற்குப் பெட்ரோல் செலவாவதில்லை.

ஆனால் போன ஆவணியில் வடபழனி மண்டபம் ஒன்றில், அதுவும் என் சொந்த அத்தை மகன் கல்யாணத்தில், பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து அவர் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

"என் கையில பதினெட்டு. வீட்டுக்காரி கையில பதினொண்ணு. அவ ஓட்டினா வண்டி பெட்ரோலைக் குடிக்கிறதில்லைங்க, குளிக்குது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். என் கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. அதை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று நிஜமாகவே யோசித்தேன். பட்டுச் சட்டையைத் துவைக்கக் கொடுக்கப்போவதும் நான்தான் என்பதால் விட்டுவிட்டேன். அதோடு நிற்காமல், வேலு என்று ஒரு டிரைவரைப் பேசிவிட்டதாகவும், ஒன்றாம் தேதியிலிருந்து சாவி அவன் கைக்குப் போய்விடும் என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கே அப்போதுதான் அது தெரியும்.

அந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தியாகராய நகரில் எங்களுக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. ஜாக்கெட் துணி, லைனிங், புடவைக்கு அடிக்கிற ஃபால்ஸ், ஊக்கு, நாடா எல்லாம் கிடைக்கும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருக்கிற தையல் கடைகளுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. முன்பெல்லாம் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைவேன். நாற்பது தாண்டிய பிறகு பிடிவாதமாக டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். அதன் பிறகுதான் எனக்கு மெட்ராஸ் பிடித்தது. லஸ்ஸில் ஒரு கடை, சாந்தோமில் ஒரு கடை, அடையாறில் நாலு கடை என்று போய், அங்கங்கே தைக்கிற பெண்களோடு சிரித்துப் பேசி, இஷ்டப்பட்ட தெருவில் திரும்பி வருவேன். சாவி போய்விட்டால் நான் மறுபடி கல்லாவுக்குப் பின்னால் நூல்கண்டு அடுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

சாப்பிடாமல் இறங்கிப் போய் மண்டபத்து வாசலில் நின்ற எங்கள் காருக்குள் உட்கார்ந்து, ஏசியை வைத்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு நேரே மீட்டர் கண்ணாடியில் அவர் வைத்த பொட்டு இருந்தது. வண்டி வாங்கிய அன்று பூஜை போட்டபோது, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்தவர் மீட்டருக்கும் ஒன்று வைத்தார். அப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே இடத்தில் அதன் மேலேயே வைத்துவந்ததில் அது காய்ந்து ஒரு பொத்தான் கனத்துக்கு வளர்ந்திருந்தது. சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது என்று துடைக்கவும் விடமாட்டார். அவர் மேலிருந்த கோபத்தில் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினேன். ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது.

அடியில் ஒரு எண் இருந்தது. 0.0 என்று காட்டியது.

முதலில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்தேன். வண்டியை மெல்ல நகர்த்தியதும் எண் நாலானது, ஒன்பதானது, பதினைந்தானது, பிரேக் போட்டதும் மறுபடி பூஜ்யம். அப்போதுதான் விளங்கியது. இந்த நிமிஷம் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று அந்த மூலை வாங்கிய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊரெல்லாம் மைலேஜ் கேட்டுத் திரிகிற மனிதர், தன் வண்டி சொல்ல வந்ததைச் சந்தனம் வைத்து மூடியிருக்கிறார். நான் நின்ற இடத்தில் ஏசி போட்டுக் கோபப்பட்டுக்கொண்டிருந்ததற்கு மைலேஜ் பூஜ்யம் என்று அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து கடை சுற்றும்போதெல்லாம் ஒரு கண் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. அது எனக்கு என்னையே காட்டிக்கொடுத்தது. எனக்குக் கோபம் வந்தால் அது வாயோடு நிற்காது, வலது காலில் இறங்கிவிடும். எவனாவது குறுக்கே நுழைந்தால் உடனே மிதிப்பேன், எண் ஐந்துக்கு விழும். அவனை நெருங்கியதும் பிரேக் போடுவேன், ஓடிச் சேர்த்த வேகமெல்லாம் அங்கேயே செத்துவிடும். மறுபடி முதல் கியரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவது வேறு. பதினொன்று என்று அவர் சொன்னது பொய் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு, வண்டியைத் தானாக உருள விட்டுப் பார்த்தேன். எஞ்சினை அலறவிடாமல் சீக்கிரமே மேல் கியருக்கு மாற்றிப் பார்த்தேன். எண் ஏறியது. பெரிய ஆச்சரியம் ஆழ்வார்பேட்டை மேம்பால இறக்கத்தில் கிடைத்தது. கியரைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தால் எண் 99.9க்குப் போய் நின்றது. வீட்டுக்காரர் பாணியில் நியூட்ரலுக்குத் தள்ளினால் அது சட்டென்று இறங்கியது. கியரில் இருந்தால் உருளுகிற சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடுகிறது, பெட்ரோல் ஒரு சொட்டும் இறங்குவதில்லை. நியூட்ரலில் எஞ்சின் அணைந்துபோகாமல் இருப்பதற்காவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கத்துக்கு இறக்கம் நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிப்பதாக அவர் இத்தனை வருஷமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது வீண்.

பெருந்தன்மையோடு அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. எலக்ட்ரானிக் சமாசாரமெல்லாம் புளுகும், எஞ்சின் என்ன குடிக்கிறது என்று தன் காதுக்குத் தெரியும் என்றார். பொட்டைச் சுரண்டியதற்காக ஒரு பாட்டம் திட்டிவிட்டு, கையோடு சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் புதிதாக வைத்தார்.

"அப்போ ஓட்டிப் பார்த்துருவோம்" என்றேன். "நீங்க ஒரு நாள், நான் ஒரு நாள். ஒரே ரோடு. நான் தோத்தா சாவியை நானே வேலு கையில குடுக்கிறேன். நீங்க தோத்தா இனிமே சாவியைப் பத்திப் பேசக் கூடாது."

நடுவராகப் பக்கத்துக் கடை ஷாஹுல் ஹமீது பாயைக் கூப்பிட்டோம். குடையும் பையும் விற்கிறவர். எங்கள் இரண்டு பேர் சண்டையையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பல வருஷமாகக் கேட்டு வருவதால் இரண்டு பக்கத்து நியாயமும் அவருக்கு அத்துப்படி. அவர் போட்ட விதிகள் கறாராக இருந்தன. ஒரே பங்க், ஒரே குழாய், பைப் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும், அதற்கு மேல் வண்டியை ஆட்டி ஆட்டி ஊற்றக் கூடாது. டயரில் ஒரே அளவு காற்று. டிக்கியில் ஒரே அளவு துணி மூட்டை. லஸ், சாந்தோம், அடையாறு போய் கோட்டூர்புரம், நந்தனம் வழியாகத் திரும்ப வேண்டும். அப்படி இரண்டு சுற்று. ஓட்டாதவர் பக்கத்து சீட்டில், பாய் பின்னால்.

முதல் நாள் அவர் ஓட்டினார். ஏசி கிடையாது என்று அறிவித்துவிட்டார். பாய் குடைக்காரராக இருந்தும் வெயிலுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் பின் சீட்டில் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்காரர் மூன்றாவது கியரில் போக வேண்டிய இடத்தில் ஐந்தாவதைப் போட்டார். மூட்டையோடு மாடி ஏறுகிற ஆள் மாதிரி எஞ்சின் முனகியது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த இடத்திலும் கியரை மாற்றவில்லை. மஞ்சள் விழுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று சிக்னலுக்குச் சிக்னல் மிதித்தார், தாண்ட முடியாமல் அழுத்திப் பிரேக் போட்டார். இறக்கம் வந்தபோதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நியூட்ரலுக்குத் தள்ளினார். அடையாறு சிக்னலில் பக்கத்துக் கார்க்காரரிடம் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "எவ்வளவு தருது?" என்று விசாரித்தார். பச்சை விழுந்தும் இருவருடைய எஞ்சினும் ஓட, பேச்சு முடியவில்லை.

பங்கில் நிரப்பிவிட்டு பாய் செல்போனில் கணக்குப் போட்டார். பதினாலே கால் வந்தது. பதினெட்டு எங்கே போச்சு அண்ணாச்சி என்று பாய் மெதுவாகக் கேட்டார். டிராஃபிக் என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் என் முறை. முதல் வேலையாகப் பொட்டை மீட்டரிலிருந்து எடுத்தேன். சாமிக் குற்றம் வேண்டாம் என்று, புதுச் சந்தனம் குழைத்து அதைவிடப் பெரிதாக ஹாரன் மேல் வைத்தேன். கை அங்கே போகும்போது சாமி ஞாபகம் வரட்டும் என்றுதான். பாய் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் ஏசியையும் போட்டேன். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஏசி போட்டே அவள் காலி என்று அவர் மனசுக்குள் சொன்னது எனக்கு வெளியே கேட்டது.

தனியாக ஓட்டும்போது நான் தேறியிருந்தேன். சிக்கல் என்னவென்றால் இன்று அவர் பக்கத்தில் இருந்தார். எனக்குக் கோபம் எங்கே இறங்கும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். லஸ் வருவதற்குள் என் தம்பி இந்நேரம் எழுந்திருப்பானா என்று பாயிடம் சந்தேகம் கேட்டார். சாந்தோம் வந்ததும் எங்கள் அம்மா வைக்கும் ரசத்தைப் பற்றி ஆரம்பித்தார். நான் எண்ணையே பார்த்துக்கொண்டு இருபது, இருபத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தேன். பட்டினப்பாக்கம் பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் என்னை உரசித் தாண்டி, தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா யக்கா, ரோட்டுக்கு வலிக்கும்னு பார்த்துப் பார்த்துப் போய்க்கினு கீற?"

கால் இறங்கிவிட்டது. எண் ஆறுக்கு விழுந்தது. வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். கை ஹாரனுக்குப் போய்ப் பொட்டைத் தொட்டு, விரலில் ஈரச் சந்தனம் ஒட்டியது. முருகா என்று பெருமூச்சு விட்டு, அதையே நெற்றியில் இழுத்துக்கொண்டு காலைத் தளர்த்தினேன்.

இரண்டாவது சுற்றில் அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. என் தம்பி, அம்மா, என் சித்தி பெண், நான் லைசென்சுக்கு எட்டுப் போடும்போது கம்பத்தில் இடித்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். நான் அசையவில்லை. பின்னால் பாய் ஏசிக் காற்றில் கண்ணை மூடியிருந்தார். அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"நீ வண்டி எடுத்ததுலேர்ந்து மத்தியானம் நான் தனியாத்தான் சாப்பிடுறேன்."

இது என்னைச் சீண்டச் சொன்னது இல்லை. குரலிலேயே தெரிந்தது. நான் பஸ்ஸில் அலைந்த காலத்தில் காலையிலேயே பக்கத்துக் கடைகளை முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன். கடைக்குப் பின்னால் துணி வெட்டுகிற மேஜையில் ஒரே கேரியரைப் பிரித்துச் சாப்பிடுவோம். உருளைக்கிழங்கு வறுவலை அவர் என் பக்கமாக ஒதுக்கிவிட்டு, தனக்கு வாயு என்று பொய் சொல்வார். கார் வந்ததும் என் வட்டாரம் பெரிதாகிவிட்டது. அடையாறில் தைக்கிற பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். இவர் லைனிங் துணி அடுக்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"இந்தப் பதினொண்ணு, பதினெட்டு, வேலு எல்லாம் இதுக்குத்தானா?"

"தனியா உக்காந்தா சோறு இறங்க மாட்டேங்குது, தேவானை" என்றார்.

இதை நேரே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கோபம் வந்தது. இந்த முறை கோபம் காலுக்கு இறங்கவில்லை. கால் தானாக மேலே வந்துவிட்டது. வண்டி கியரிலேயே, ஒரு முனகலும் இல்லாமல், பாலத்திலிருந்து மெல்ல இறங்கியது. மீட்டரில் 99.9. பாய் எப்போது விழித்தாரோ தெரியவில்லை, பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, அதுக்கு மேல அந்த மிஷின்ல நம்பரே இல்ல போல கீது" என்றார்.

வீட்டுக்காரரும் முதல் தடவையாகக் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். கோட்டூர்புரம் பாலத்து இறக்கத்தில் அவர் கை பழக்கதோஷத்தில் கியர் பக்கம் வந்தது. நான் ஒரு அடி போட்டேன். கையை எடுத்துக்கொண்டு மறுபடி மீட்டரைப் பார்த்தார். நந்தனம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகச் சாவியை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

பங்கில் பைப் தானாக நின்றதும் பாய் கணக்குப் போட்டு, போனை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார். பதினேழரை. ஏசியோடு. வீட்டுக்காரர் போனை வாங்கித் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொரு முறை. பிறகு தன் போனை எடுத்து அங்கேயே நின்றபடி பேசினார்.

"வேலு, நீ வேற இடம் பார்த்துக்கப்பா. இங்க டிரைவர் இருக்காங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பங்கிலேயே பாய்க்கும் அவருக்கும் ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் இரண்டு குடித்தேன்.

இப்போது மத்தியானக் கேரியர் காரில்தான் வருகிறது, வீட்டுக்காரரும் கூடவே வருகிறார். அந்த நேரத்துக்குக் கடையை வேலை செய்கிற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சாந்தோமிலோ கோட்டூர்புரத்திலோ ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தி, மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். ஏசி போடலாமே என்று நான் சொன்னால் அவர் ஒப்புவதில்லை. எஞ்சின் ஓடினால் மீட்டர் பூஜ்யம் காட்டுமாம், அதைப் பார்த்துக்கொண்டு அவருக்குச் சோறு இறங்காதாம். வியர்க்க வியர்க்கச் சாப்பிடுகிறோம். வாயு என்ற பொய் அப்படியே இருக்கிறது. வண்டி ஓடும்போது அவர் எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே வருவது ஒன்றுதான் தொல்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது மீட்டரில் இடம் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஹாரனுக்கே வைத்தார்.

தை மாதம் அதே வடபழனி மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. நான் கை கழுவிக்கொண்டு வரும்போது அவரைச் சுற்றி அதே பத்துப் பேர். வெள்ளைத்துரை என்று ஒருவர், புதுக் கார் வாங்கியவர், அவரிடம் எவ்வளவு தருகிறது என்று கேட்டார்.

"என் கையில பதினஞ்சு" என்றார். அதில் முக்கால் கிலோமீட்டர் பொய். "வீட்டுக்காரி கையில பதினேழரை. ஏசி போட்டு."

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைத்துரை ஆச்சரியப்பட்டு, அப்படி எப்படித்தான் ஓட்டுகிறார்கள், ஒரு நாள் மத்தியானம் முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"மத்தியானத்துல முன் சீட்டு காலி இல்லைங்க" என்றார், எனக்காகப் பிடித்து வைத்திருந்த பக்கத்து இலையிலிருந்து கையை எடுக்காமல்.